வயிற்றுக் கொழுப்பைப் படம் பார்த்துச் சொல்ல முடியுமா?

கேள்வி: மண்டபம் அருகே கடலோரக் கிராமப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். நாடாவால் இடுப்பை அளந்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். உடல் வடிவப் படங்கள் கொண்ட தாளைக் கொடுத்து, தம்மைப் போன்ற படத்தைக் குறிக்கச் சொல்லி, வயிற்றுக் கொழுப்பு உள்ளவர்களைக் கண்டறியலாமா?

பதில்: பிள்ளைகளின் கூச்சத்தை மதித்து யோசித்திருக்கிறீர்கள், ஆனால் அந்தத் தாளை மட்டும் நம்பி யாரையும் பிரிக்க வேண்டாம். மெலிந்த உருவம் முதல் பருத்த உருவம் வரை ஒன்பது படங்களைக் காட்டும் முறையை 1983இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஸ்டங்கார்ட் குழுவினர் வெளியிட்டார்கள். ஒருவர் தம் மொத்தப் பருமனை எப்படிப் பார்க்கிறார் என்பதை அது சொல்லுமே தவிர, கொழுப்பு எங்கே தங்கியிருக்கிறது என்பதைச் சொல்லாது. நம் மக்களுக்குக் கைகால் ஒல்லியாக இருந்தும் குடலையும் கல்லீரலையும் சுற்றிக் கொழுப்பு சேரும் போக்கு அதிகம். சர்க்கரை நோய்க்கு வழிவிடுவது அந்த உட்கொழுப்புதான். அப்படிப்பட்ட பையன், தொளதொளச் சட்டைக்குள் வயிறு மறைந்திருக்க, ஒல்லிப் படத்தையே குறிப்பான். பருவமடைந்து இடுப்பு அகன்ற பெண்ணோ, வளர்ச்சி இயல்பாக இருந்தும் பருத்த படத்தைக் குறித்துவிட்டு, மறுநாளிலிருந்து காலைச் சாப்பாட்டை விட்டுவிடக்கூடும்.

நாடா இல்லாமலே அளக்கலாம். இழுத்தால் நீளாத தடித்த நூல் போதும்; உங்கள் ஊரில் வலை பின்னும் எந்த வீட்டிலும் கிடைக்கும். பிள்ளையின் உயரத்துக்கு அதை வெட்டிச் சரிபாதியாக மடியுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில், வயிற்றை எக்காமல், மெல்லிய துணிக்கு மேல் அந்தப் பிள்ளையே சுற்றிப் பார்க்கட்டும். முனைகள் தொடாவிட்டால் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது என்று பொருள். 156 சென்டிமீட்டர் உயரத்துக்கு எல்லை 78. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2022இல் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளுக்கு இந்தப் பாதிக் கணக்கையே பரிந்துரைத்தது. தனியறையில் ஒவ்வொருவராக அழையுங்கள்; முடிவை உரக்கச் சொல்லாதீர்கள்.

எல்லையைத் தாண்டிய பிள்ளைகளைப் பெற்றோருடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பின்கழுத்துத் தோல் கறுத்துத் தடித்திருந்தால் தாமதம் கூடாது. வெயில் கறுப்பு, அழுக்கு என்று நினைத்து அதைப் பீர்க்கங்காய் நாரால் தேய்க்கும் தாய்மார்கள் உண்டு; இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம், தேய்த்தால் போகாது.

படத்தாளையும் தூக்கி எறிய வேண்டாம். நூல் எல்லைக்குள் நின்றும் மிகப் பருத்த படத்தைக் குறித்த பிள்ளை யாரென்று பார்த்து, அவளைத் தனியே அழைத்து, இரண்டு வேளையாவது வயிறாரச் சாப்பிடுகிறாளா என்று கேளுங்கள்.