கட்டுபவர் வேலை எது, சோதிப்பவர் வேலை எது?

கேள்வி: பள்ளி ஆய்வகங்களுக்காகத் தமிழ் விசைப்பலகை மென்பொருளை டெபியன் (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) பேக்கேஜாக, அதாவது நேரே நிறுவக்கூடிய தொகுப்பாகக் கட்டித் தருகிறோம். இரண்டு பேர் கட்டுகிறார்கள், நான்கு பேர் சோதிக்கிறார்கள். ஏதாவது நின்றுபோனால் "நீ ஒழுங்காகச் சோதிக்கவில்லை", "நீ ஒழுங்காகக் கட்டவில்லை" என்றே முடிகிறது. பொறுப்பை எங்கே பிரிப்பது?
— வாசகி, கும்பகோணம்

பதில்: சுத்தமான சூழலில் கட்டித் தருவது கட்டுபவர் வேலை. அவர் கணினியில் வேண்டிய நிரல் நூலகமெல்லாம் ஏற்கெனவே இருக்கும். பேக்கேஜுக்கு வேண்டிய மற்ற பேக்கேஜுகளைச் சொல்லும் சார்புப் பட்டியலில் ஒன்றை எழுத மறந்தாலும் அவருக்கு ஓடும், ஆய்வகத்தில் ஓடாது. சுத்தமான தனிச் சூழலில் கட்டித் தரும் எஸ்பில்ட் கருவியை வைத்துக் கட்டினால், கட்டுவதற்குத் தேவையானதில் விடுபட்டது அங்கேயே தெரிந்துவிடும். ஓடுவதற்குத் தேவையானது அதில் தெரியாது. வெற்றுக் கணினியில் நிறுவி ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் கைமாற்ற வேண்டும். பேக்கேஜைப் பரிசோதிக்கும் லிண்டியன் கருவி காட்டும் பிழைகளும் அவர் கணக்குதான்.

சோதிப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது, புதிதாக நிறுவிப் பார்ப்பதோடு நின்றுவிடுவதில். ஆய்வகத்தில் இருப்பது பழைய பதிப்பு. அதன்மேல்தான் புதியதை ஏற்றிப் பார்க்க வேண்டும். ஒரு கோப்பை வேறு பேக்கேஜுக்கு மாற்றிவிட்டு 'பிரேக்ஸ்' (பழைய பதிப்போடு ஒத்துப்போகாது), 'ரீப்ளேசஸ்' (அதன் கோப்பின்மேல் எழுதலாம்) வரிகளை எழுதாமல் விட்டிருந்தால், அந்தக் கோப்பு பழைய பேக்கேஜில் இருக்கிறது என்று சொல்லி, பேக்கேஜை நிறுவும் கருவியான டிபிகேஜி பாதியில் நின்றுவிடும். புதுக் கணினியில் இது வெளியே வராது. ஆசிரியர் அமைப்புக் கோப்பில் செய்த மாற்றம், மேம்படுத்திய பிறகும் அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

"வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் யாராலும் திருத்த முடியாது. "இந்தப் பதிப்பு; தமிழ்99 விசைப்பலகை அமைப்பு; க விசை, அடுத்து உ விசை; 'கு' வரவேண்டிய இடத்தில் 'கஉ' வந்தது" என்று எழுதுங்கள்.

கேள்வி: ஐப்பசி மழையில் மேம்படுத்தும்போதே கரண்ட் போய், பேக்கேஜ் அரைகுறையாக நின்றுவிடுகிறது. இது யார் தவறு?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கரண்ட் போவது யார் தவறும் இல்லை. ஆனால் கரண்ட் வந்தபின் டிபிகேஜியை 'கான்ஃபிகர்' விருப்பத்தோடு ஓட்டினால் மீதி வேலை முடிய வேண்டும். முடியவில்லை என்றால் கட்டுபவர்தான் பார்க்க வேண்டும். நிறுவல் ஸ்கிரிப்ட் எத்தனை முறை ஓடினாலும் ஒரே முடிவைத் தர வேண்டும் என்பது டெபியன் கொள்கையிலேயே உள்ள விதி. "இந்தப் பயனர் இருக்கிறாரா" என்று பார்க்காமலே புதுப் பயனரை உருவாக்கும் ஸ்கிரிப்ட், இரண்டாம் முறை முட்டிக்கொள்ளும். சோதிப்பவர் மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினி) நிறுவலை ஓடவிட்டு, நடுவில் வேண்டுமென்றே அணைத்துப் பார்க்கட்டும். டெல்டா மாவட்டங்களுக்கு அனுப்பும் எந்தப் பேக்கேஜுக்கும் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

கேள்வி: பிழையை மூடுவது யார்?
— வாசகர், மன்னார்குடி

பதில்: கட்டுபவர், ஒவ்வொரு பதிப்பிலும் என்ன மாறியது என்று எழுதும் மாற்றக் குறிப்பில் பிழை எண்ணைக் குறித்து மூடலாம், டெபியனில் அதுதான் வழக்கம். பிழையைச் சொன்னவர் புதுப் பதிப்பை நிறுவிப் பார்த்து, தீரவில்லை என்றால் மறுபடி திறக்கலாம். அதைக் கட்டுபவர் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கோளாறு மூல நிரலிலேயே இருந்தால், அதை எழுதியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் கட்டுபவர்தான், சோதித்தவரை அலையவிடாதீர்கள்.