பரணில் கிடந்த ஹீத்கிட்: பிரிப்பதா, வைப்பதா?

அன்புள்ள சார்,

மாமா 1980களில் துபாயிலிருந்து கொண்டுவந்த ஹீத்கிட் டிஜிட்டல் கடிகார கிட் (பாகங்களை நாமே சால்டர் செய்து கட்டிக்கொள்ளும் பெட்டி) ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடைத்தது. யாரும் கட்டவே இல்லை. மேல் அட்டையில் லேசாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. உள்ளே பொட்டலங்கள் ஒட்டியது ஒட்டியபடி. ஒருவர் விலைக்குக் கேட்கிறார். கட்டாத பெட்டிக்கு ஏன் இத்தனை மவுசு? நானே கட்டிவிடலாமா?

— ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள நண்பருக்கு,

எல்லாப் பொட்டலமும் பிரிக்காமல் இருந்தால் கட்டாதீர்கள். ஒன்று பிரிந்திருந்தாலும், ஒரு பாகம் குறைந்திருந்தாலும் தாராளமாகக் கட்டுங்கள்.

ஹீத்கிட்டைத் தயாரித்தது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் பென்டன் ஹார்பரில் இருந்த ஹீத் கம்பெனி. அது 1947இல் ஆஸிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) கிட் விற்கத் தொடங்கி 1992இல் கிட் வியாபாரத்தை நிறுத்தியது. கிட் வாங்குவதே கட்டத்தான் என்பதால் கட்டாமல் மிஞ்சியவை கொஞ்சம். கட்டிய கிட்டில் தெரிவது கட்டியவரின் சால்டரிங். கட்டாததில் கம்பெனியின் வேலை முழுசாக இருக்கிறது, முக்கியமாக அந்தக் கையேடு. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் டிக் அடிக்க ஓர் அடைப்புக்குறி போட்டிருப்பார்கள். அத்தனையும் காலியாக இருக்கும் கையேட்டுக்காகவே பணம் கொடுப்பவர்கள் உண்டு. எனக்கும் அது அழகான பொருள்தான்.

பரணிலிருந்து முதலில் இறக்குங்கள். கோடையில் ஓட்டுச் சூடு, ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரம், இரண்டும் கிட்டுக்கு ஆகாது. பூஞ்சையைக் காய்ந்த பிரஷால் வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டுங்கள், ஈரத்துணி வேண்டாம். பிறகு மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, சுவரை ஒட்டாமல் அலமாரியில் ஏற்றுங்கள். அந்துருண்டை போடவே கூடாது, அதன் ஆவி பாலிஸ்டைரீன் பாகங்களை இளக்கிவிடும். ரப்பர் பேண்டும் வேண்டாம். அதிலுள்ள கந்தகம் பாகங்களின் வெள்ளி முலாம் பூசிய கம்பிக் கால்களைக் கருக்கும்.

பிரிக்காத பாகம் என்பதால் புதுசு என்று நினைக்க வேண்டாம். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் பாகம்) மின்சாரம் படாமல் கிடந்தால் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் மெலியும், லீக்கேஜ் (மின்கசிவு) கூடும். நேராக மெயின்ஸில் (வீட்டு மின்சாரத்தில்) போட்டால் சூடாகி வீங்கும். கட்டுவதென்றால் அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது சற்றுக் கூடுதல் வோல்ட்டில் புதியதைப் போடுங்கள், பழையதை எறியாமல் பெட்டியில் வையுங்கள். ஐசி (சிப்) கருப்பு ஸ்பாஞ்சில் குத்தியிருந்தால் கால்களைப் பாருங்கள். அந்த ஸ்பாஞ்ச் வருஷக்கணக்கில் பொடிந்து காலை அரிக்கும். சால்டர் செய்ய ரோசின் கோர் ஈயம் (நடுவில் பிசின் வைத்த ஈயக் கம்பி) மட்டும் போதும், அமிலம் கலந்த ஆசிட் ஃபிளக்ஸ் கூடவே கூடாது.

டிரான்ஸ்ஃபார்மரைக் கட்டாயம் கவனியுங்கள். துபாயில் வாங்கியது 240 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம், அமெரிக்கப் பெட்டி என்றால் 120. அந்த 120, 60 ஹெர்ட்ஸுக்குக் (வினாடிக்கு 60 துடிப்பு) கணக்கிட்டது. நம் 50 ஹெர்ட்ஸில் சுமார் 100 வோல்ட் கொடுத்தால்தான் கோரில் (உள்ளிருக்கும் இரும்பில்) காந்தப்புலம் அதே அளவில் இருக்கும், முழு 120 கொடுத்தால் அதிகம் சூடாகும். மெயின்ஸ் துடிப்பை எண்ணி ஓடும் கடிகாரமாக இருந்து, 60 துடிப்பை ஒரு வினாடியாக எண்ணினால், இங்கே மணிக்கு 10 நிமிடம் பின்தங்கும். பல கடிகார ஐசிகளில் 50 ஹெர்ட்ஸுக்கென்று தனி பின் உண்டு, கையேட்டில் தேடுங்கள்.

வாங்க வருபவர் பாகங்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றால், பணம் கைமாறிய பிறகு பிரிக்கட்டும்.