48 லட்சம் 70 லட்சமானது: இது லாபமா, நஷ்டமா?

கேள்வி: 2013 ஜூலையில் சென்னை ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) நாவலூரில் 1,100 சதுர அடி சூப்பர் பில்டப் (மாடிப்படி, லிஃப்ட் போன்ற பொது இடங்களின் பங்கும் சேர்ந்த அளவு) ஃபிளாட்டை 48 லட்சத்துக்கு வாங்கினேன். பதிவுச் செலவு, மரவேலை எல்லாம் சேர்ந்து 54 லட்சம் ஆனது. அன்றிலிருந்து அங்கேதான் குடியிருக்கிறோம். அப்போது இதே வளாகத்தில் இதே அளவு வீட்டுக்கு வாடகை 12,000, இன்று 22,000. இப்போது ஒருவர் 70 லட்சம் தருகிறேன் என்கிறார். 22 லட்சம் லாபம், விற்றுவிடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மைத்துனரோ, நீங்கள் ஊதிப் பெருத்த விலைக் குமிழியின் உச்சத்தில் வாங்கி ஏமாந்துவிட்டீர்கள், வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி? விற்றால், மேடவாக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும் 1,150 சதுர அடி ஃபிளாட் ஒன்றை 95 லட்சத்துக்கு வாங்கலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வதில் பாதி சரி. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது கணக்கே இல்லை. ஆனால் இரண்டு பேருமே விற்கச் சொல்கிறார்களே, அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. நீங்கள் எந்த விலைக்கு வாங்கினீர்கள் என்பதை வைத்து இன்று விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யவே கூடாது. அதைப் பிறகு பார்ப்போம், முதலில் ஒப்பீட்டைச் சரியாகச் செய்துவிடுவோம்.

2013 ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றல்ல. வருமான வரித்துறை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் செலவுப் பணவீக்கக் குறியீடு என்று ஓர் எண்ணை வெளியிடுகிறது. 2001-02ஐ 100 என்று வைத்தால் 2013-14க்கு 220, 2025-26க்கு 376. அதாவது அன்றைய 1 ரூபாய்க்கு இன்று சுமார் 1.71 ரூபாய். உங்கள் 48 லட்சத்தை இதால் பெருக்கினால் 82 லட்சம் வருகிறது, 54 லட்சத்தைப் பெருக்கினால் 92 லட்சம். கையில் வருவது 70. திருப்பிப் போட்டுப் பார்த்தால், இன்றைய 70 லட்சம் 2013 பணத்தில் சுமார் 41 லட்சம்தான். இந்தக் குறியீடு நகர்ப்புற விலைவாசி உயர்வில் முக்கால் பங்கை மட்டும்தான் கணக்கில் எடுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உண்மையான தேய்மானம் இதைவிடக் கூடுதல். ஆக, ரூபாயில் ஏறியிருக்கிறது, மதிப்பில் இறங்கியிருக்கிறது.

இதுதான் சென்னையில் குமிழி வடிந்த விதம். அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்துவிட்டு நம் ஊரிலும் விலை தொப்பென்று விழும் என்று 2013, 14ல் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். அங்கே 2006ல் உச்சம் தொட்ட விலை 2012க்குள் தேசிய அளவில் கால் பங்குக்கு மேல் விழுந்தது, லாஸ் வேகாஸில் 60 விழுக்காட்டுக்கும் மேல். அயர்லாந்தில் 2007 உச்சத்திலிருந்து பாதிக்கு மேல் போயிற்று, பழைய விலையை மறுபடி எட்ட 2022 ஆனது. அங்கெல்லாம் கடன் கட்ட முடியாதவர்களின் வீடுகள் கூட்டம் கூட்டமாகச் சந்தைக்கு வந்தன, வந்த விலைக்குப் போயின, அதனால் சரிவு எல்லோர் கண்ணிலும் பட்டது. இங்கே வாங்குபவர் கைப்பணமாக ஒரு பெரிய தொகை போட்டிருப்பார், நகையை வைத்திருப்பார், ஊரில் அப்பாவின் நிலத்தை விற்றிருப்பார். வாங்கின விலைக்குக் கீழே விற்க மனம் வராது. பூட்டிப் போட்டாலும் போடுவார், விற்க மாட்டார். எனவே விலை குறைவதற்குப் பதிலாக விற்பனை நின்றுபோகும், விலை அதே இடத்தில் வருடக்கணக்கில் கிடக்கும், பணவீக்கம் மெதுவாக அதைத் தின்னும்.

இங்கே விற்பனை நிற்கக் காரணங்களும் வரிசையாக வந்தன. 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி இடிந்து 61 பேர் இறந்தார்கள். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டை வாங்கவே மக்கள் பயந்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளம். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நவம்பரில் பணமதிப்பிழப்பு, 2017ல் பில்டர்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் ரெரா சட்டம், அப்புறம் ஜிஎஸ்டி. இத்தனைக்கும் நடுவில் ஓஎம்ஆர் பில்டர்கள் சதுர அடி விலையை வெளியே குறைத்துக் காட்டவில்லை. கார் பார்க்கிங் இலவசம், மாடுலர் கிச்சன் இலவசம், பதிவுச் செலவு எங்களுடையது, சாவி கொடுக்கும் வரை வட்டி எங்களுடையது என்று வேறு வழியில் குறைத்தார்கள். விளம்பர விலையை மட்டும் வரிசையாக எழுதி வைத்து 'விலை இறங்கவே இல்லை' என்று சொல்பவர்கள் இந்தக் கழிவை எல்லாம் பார்ப்பதில்லை. 48 லட்சத்து வீட்டில் 4 லட்சம் இலவசம் என்றால் வீட்டின் விலை 44 லட்சம்தான்.

பத்திரத்தில் எழுதிய விலையைப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்க்கலாம், ஆனால் நம் ஊர்ப் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்து பார்க்க வேண்டும். 2013ல் நீங்கள் பதிந்தது பெரும்பாலும் யூடிஎஸ் எனும் பிரிக்கப்படாத நிலப் பாகத்துக்கான கிரையப் பத்திரமாகத்தான் இருக்கும். கட்டடத்துக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம். சொத்தின் மேல் நடந்த பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டால் அந்தச் சிறிய நிலத் தொகைதான் முதலில் கண்ணில் படும். அதே வளாகத்தில் போன வருடம் நடந்த மறுவிற்பனைப் பத்திரத்தில் நிலமும் கட்டடமும் சேர்ந்து இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து 'ஐந்து மடங்கு ஏறிவிட்டது' என்று ஒரு புரோக்கர் சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை வைத்து ஒப்பிடுவதும் இதே வகைத் தவறு. 2012 ஏப்ரலில் அதை உயர்த்தினார்கள். 2017 ஜூனில் ஒரே உத்தரவில் 33 விழுக்காடு குறைத்துவிட்டு, பதிவுக் கட்டணத்தை 1 விழுக்காட்டிலிருந்து 4 ஆக ஏற்றினார்கள். 2023 ஏப்ரலில் பழைய மதிப்புக்கே கொண்டுபோனார்கள், அது நீதிமன்றத்தில் நிற்கவில்லை, முறைப்படி மறுபடி திருத்தி 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்தது. இந்த ஏற்ற இறக்கத்தில் எதுவுமே சந்தையில் நடந்தது அல்ல, எல்லாம் அரசாணை.

சரி, எதைத்தான் நம்புவது? அமெரிக்காவில் கேஸ்-ஷில்லர் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. அது சராசரி விலையைப் பார்ப்பதில்லை. ஒரே வீடு இரண்டு முறை விற்கப்பட்டால் அந்த இரண்டு விலைகளையும் ஒப்பிடுகிறது. அந்த யோசனை மிக நல்லது, உங்களாலும் செய்ய முடியும். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் தேடிப் பாருங்கள். உங்கள் வளாகத்தில் கடந்த இரண்டு வருடங்களில் நடந்த மறுவிற்பனைகளை எடுங்கள். அதில் கிரையத்தை ஒட்டியே வங்கிக்கு உரிமை ஆவணங்கள் ஒப்படைத்த பதிவு இருந்தால் அந்தப் பத்திரத்தைக் கூடுதலாக நம்பலாம், ஏனென்றால் கடன் வாங்குபவருக்கு உண்மை விலையை எழுதியாக வேண்டிய கட்டாயம் இருக்கிறது. ரொக்கத்தில் முடிந்ததில் எழுதிய விலை பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். ரிசர்வ் வங்கியின் வீட்டு விலைக் குறியீட்டிலும் தேசிய வீட்டுவசதி வங்கியின் ரெசிடெக்ஸிலும் சென்னைக்குத் தனி எண் உண்டு. ஆனால் அது மயிலாப்பூரையும் நாவலூரையும் சேர்த்துப் பிசைந்த எண். திசை தெரியும், உங்கள் வீட்டின் விலை தெரியாது.

இன்னொன்று, என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது: வாடகை. மனிதன் குடியிருக்க எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறான் என்பதை வாடகைதான் சொல்லும், அதில் ஊக பேரம் கிடையாது. 2013ல் உங்கள் வீட்டுக்கு வருட வாடகை 1.44 லட்சம், விலை 48 லட்சம். அதாவது 33 வருட வாடகையை முன்கூட்டியே கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். இன்று வருட வாடகை 2.64 லட்சம், விலை 70 லட்சம்: 26 வருடத்துக்குக் கொஞ்சம் கூட. விலை 46 விழுக்காடுதான் ஏறியிருக்கிறது, வாடகை 83 விழுக்காடு ஏறியிருக்கிறது. உங்கள் வீட்டில் இருந்த குமிழி பெரும்பாலும் வடிந்துவிட்டது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். அந்தக் காற்று இறங்குவதற்கான விலையைப் பன்னிரண்டு வருடங்களாக நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். இறங்கி முடிந்த பிறகு விற்றுவிட்டு வேறு எங்கே போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

காலி மனைக்கு இந்தச் சோதனை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006ல் வந்தது, சுற்றிலும் மனைகள் பிரிக்கப்பட்டன. 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. மனையிலிருந்து வாடகை வருவதில்லை, எனவே விலை நியாயமா என்று அளக்கக் கையில் கோலே இல்லை. அப்படி மனை வாங்கியவர்கள் என்னிடம் மதிப்பீட்டுக்கு வரும்போது பதில் சொல்வதற்குள் எனக்கே நெஞ்சு கனத்துவிடும். நீங்கள் அந்த நிலையில் இல்லை. பன்னிரண்டு வருடம் குடியிருந்திருக்கிறீர்கள், சராசரியாக மாதம் 16,000 என்று வைத்தாலே 23 லட்சம் வாடகை மிச்சம். மைத்துனர் 'ஏமாந்துவிட்டீர்கள்' என்று சொல்லும்போது இதைச் சேர்க்கவில்லை. வட்டி கட்டியிருப்பீர்கள், மெயின்டனன்ஸ் கட்டியிருப்பீர்கள், அதையும் எதிர்ப் பக்கத்தில் எழுத வேண்டும், உண்மைதான். எழுதினால் பெரிய லாபம் இல்லை என்று வரும். ஏமாந்தது என்று வராது.

இப்போது மேடவாக்கம். 95 லட்சத்தை 1,150 சதுர அடிக்கு வகுத்துப் பார்க்காதீர்கள். இரண்டு வீட்டுக்கும் கார்ப்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் புழங்கக் கிடைக்கும் தரைப் பரப்பைக் கேளுங்கள். ரெரா வந்த பிறகு புது வீட்டுக்கு அதை எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். பழைய வீட்டுக்கு நீங்களே டேப் பிடித்து அளக்கலாம். அப்புறம் யூடிஎஸ். 2019ல் வந்த கட்டட விதிகளில், உயரம் குறைந்த கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீடு (நிலத்தின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற எண்) 1.5லிருந்து 2 ஆக உயர்ந்தது. அதே நிலத்தில் கூடுதல் வீடுகள் கட்டலாம், அதனால் ஒவ்வொருவர் பங்குக்கும் வரும் நிலம் குறைவு. கட்டடம் வருடா வருடம் தேயும், நிலம்தான் நிற்கும். பழைய ஃபிளாட்டில் 550 சதுர அடி நிலம் இருந்து, புதியதில் 400 மட்டும் என்றால், நீங்கள் 25 லட்சம் கூடுதலாகக் கொடுத்துக் குறைந்த நிலத்தை வாங்குகிறீர்கள். புதுப் பெயின்ட் வாசனையில் இது தெரியாது.

மாறுவதற்கான செலவும் சின்னதல்ல. புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை, முத்திரைத்தாள் 5, பதிவு 2 என்று மொத்தம் 7 விழுக்காடு. 95 லட்சத்துக்கு 6.65 லட்சம். கட்டுமானத்தில் இருப்பதால் ஜிஎஸ்டி 5 விழுக்காடு, 4.75 லட்சம். 95 லட்சத்தில் அது அடங்கியதா இல்லையா என்று எழுத்தில் வாங்குங்கள். புரோக்கர், மரவேலை எல்லாம் சேர்த்தால் 15 லட்சத்தைத் தாண்டும். நீங்கள் லாபம் என்று நினைத்த 22 லட்சத்தில் முக்கால்வாசி வீடு மாறுவதிலேயே கரைந்துவிடும்.

வரியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம், வீட்டுக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு இரண்டு வழி: முன்பு சொன்ன பணவீக்கக் குறியீடு இல்லாமல் 12.5 விழுக்காடு, அல்லது குறியீட்டோடு 20 விழுக்காடு, எது குறைவோ அது. முதல் வழியில் 22 லட்சத்துக்கு 2.75 லட்சம் வரி வரும். இரண்டாவதில், அந்த நிதியாண்டிலேயே முழுப் பணமும் கட்டியதாக வைத்துக்கொண்டால், வாங்கிய விலையே 82 லட்சம் ஆகிவிடுகிறது, லாபம் இல்லை, வரி இல்லை. ஆனால் இதற்குக் கிரையப் பத்திரம் மட்டும் போதாது, அதில் நிலத் தொகைதானே இருக்கும்? கட்டுமான ஒப்பந்தமும் பில்டருக்குப் பணம் கட்டிய ரசீதும் கையில் இருக்க வேண்டும். இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள். விற்கும்போது வாங்குபவர் 1 விழுக்காடு, அதாவது 70,000, டிடிஎஸ் எனும் வரிப் பிடித்தம் செய்து அரசுக்குக் கட்டுவார். கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

என் கருத்து: இடத்தை மாற்றியே ஆக வேண்டிய காரணம், வேலையோ பிள்ளையின் படிப்போ பெற்றோரின் உடல்நிலையோ, உங்களுக்கு இருந்தால் மாறுங்கள், அதற்கு விலை கொடுப்பது நியாயம்தான். லாபத்தை எடுத்துவிட வேண்டும் என்றோ நஷ்டத்திலிருந்து தப்ப வேண்டும் என்றோ மட்டும் விற்பதாக இருந்தால் வேண்டாம். ஓஎம்ஆர் வழியாகச் சிறுசேரி வரை மெட்ரோ வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதை நம்பி விலை பறக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அந்த வேலை முடியும் முன்பு அவசரப்பட்டு வெளியேற ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. மேடவாக்கம் பில்டரிடம் அதே வளாகத்தில் இன்று என்ன வாடகை கிடைக்கும் என்று கேட்காதீர்கள்; பக்கத்துத் தெருவில் குடியிருப்பவரிடம் கேளுங்கள். அந்த வருட வாடகையால் 95 லட்சத்தை வகுத்து 33, 34 என்று வந்தால், 2013ல் நாவலூரில் கொடுத்த அதே விலையை மறுபடி கொடுக்கப் போகிறீர்கள்.

70 லட்சம் தருகிறேன் என்றவரிடம் பத்து நாள் அவகாசம் கேளுங்கள். அதற்குள் உங்கள் வளாகத்தின் கடைசி மூன்று மறுவிற்பனைப் பத்திரங்களை எடுத்துவிடலாம்.