மண்டையோட்டு அளவீடு: கேள்வி பதில்

கே: நீளம் எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறதே, ஐயா?

ப: பின்முனையில்தான் பெரும்பாலும் பிசகும். வளைந்த கைகள் கொண்ட காலிப்பரின் ஒரு முனையை, புருவ மேடுகளுக்கு நடுவே துருத்தி நிற்கும் கிளாபெல்லாவில் அசையாமல் பிடியுங்கள். மறுமுனையைப் பின்மண்டையின் நடுக்கோட்டிலேயே மேலும் கீழும் நகர்த்துங்கள். எண் ஏறி, நின்று, இறங்கும். அந்த உச்சமே நீளம். முனை பக்கவாட்டில் விலகினாலும் பிடரிப் புடைப்பில் ஏறினாலும் அளவு கெடும். மண்டையோடு மணல் பைமேல் இருக்கட்டும். கண்குழியில் விரல் விட்டுத் தூக்காதீர்கள். அதன் உள்சுவர் மிக மெல்லியது, உடைந்துவிடும்.

கே: அகலத்துக்கு எந்தப் புள்ளி?

ப: நிலையான புள்ளி இல்லை. இருபுறமும் ஒரே உயரத்தில், எங்கே அதிகமோ அங்கே. காதுத் துளைக்கு மேலே ஓடும் எலும்பு வரம்பைத் தவிருங்கள்.

அகலத்தை நீளத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் தலைவடிவக் குறியெண். 138-ஐ 182-ஆல் வகுத்தால் 75.8, நடுத்தரத் தலை. அகலத்தில் 2 மி.மீ. குறைத்து எடுத்தால் 74.7, 75-க்குக் கீழே போய் நீள்தலை ஆகிவிடும். வகைப்பெயரை விட்டுவிட்டு, எடுத்த அளவுகளையே பதியுங்கள்.

கே: ஆணா பெண்ணா என்று அளவு சொல்லுமா?

ப: சாத்தியத்தை மட்டும் சொல்லும். இடுப்பெலும்பு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

கே: ஓட்டின் உள் கொள்ளளவை அளக்க, நிரப்புவது கடுகா, ஈயக் குண்டா?

ப: கடுகு தட்டத் தட்ட அமுங்கும், தட்டும் விதம் மாறினால் அளவும் மாறும். விதை அளவுகள் ஒத்துவராததால்தான் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க மருத்துவர் சாமுவேல் மார்ட்டன் குண்டுக்கு மாறினார். ஆனால் 1400 மி.லி. ஈயக் குண்டு ஏறத்தாழ 9 கிலோ. விரிசல் விட்ட ஓடு தாங்காது. அதற்கு சி.டி. ஸ்கேன்தான். கடுகென்றால் துளைகளைப் பஞ்சால் அடைத்து, ஓட்டின் அடியிலுள்ள பெருந்துளை வழியே நிரப்புங்கள். நிறைத்த பின் கண்குழியைப் பிடித்துத் தூக்க வேண்டாம்.

கே: மார்ட்டன் கொள்ளளவை வைத்து இனங்களை வரிசைப்படுத்தினார். அவர் தன்னையறியாமல் எண்களைத் திரித்தார் என்றார் உயிரியலாளர் ஸ்டீபன் ஜே குல்ட். 2011-இல் மறுபடி அளந்தவர்கள் அவை பெரும்பாலும் சரி என்றார்களே. அப்படியானால் இனவரிசையும் சரிதானே?

ப: இல்லவே இல்லை. குண்டால் அளந்த எண் சரியாக இருப்பது வேறு, அதிலிருந்து எடுத்த முடிவு வேறு. கொள்ளளவு உடலளவோடு கூடிக் குறையும். ஆண், பெண் ஓடுகளை வெவ்வேறு விகிதத்தில் கலந்தாலே குழுச் சராசரி நகரும். அறிவை அவர் அளக்கவே இல்லை. சரியான அளவைத் தவறான வாதத்துக்குச் சாட்சியாக நிறுத்துவது இத்துறையின் பழைய குற்றம். மறுஅளவீடு அதை நியாயப்படுத்தவில்லை.

கே: பெரிய தலை என்றால் அதிக அறிவா?

ப: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கே: உயிருள்ளவர் தலை அளவோடு ஓட்டின் அளவை ஒப்பிடலாமா?

ப: நேரடியாகக் கூடாது. தோலும் தசையும் நீளத்தையும் அகலத்தையும் வெவ்வேறு அளவில் கூட்டும்.