ஈரக் காற்று இருக்க, எர்த் கிளிப் எதற்கு?

கேள்வி: பிறையில் டேங்கர் லோரிகளுக்கு எண்ணெய் ஏற்றும் இடத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பினாங்கில் வருடம் முழுக்க ஈரக் காற்று. இங்கே நிலைமின்சாரம் வராது, அதுவும் டீசலுக்கு எர்த் கிளிப் (லோரியின் உடம்பைக் கம்பி வழியே நிலத்தோடு இணைக்கும் கவ்வி) மாட்டுவது வெறும் சடங்கு என்கிறார்கள் ஓட்டுநர்கள். சரிதானா?

பதில்: பாதி சரி. ஈரக் காற்றில் சட்டையிலும் இருக்கையிலும் மின்னூட்டம் அதிகம் தங்காது. ஆனால் டேங்கருக்கு வரும் மின்னூட்டம் குழாய்க்குள் பிறப்பது. எண்ணெய் குழாயை உரசி ஓடும்போது, அதைவிட அதிகமாக ஃபில்டரைக் கடக்கும்போது, மின்னூட்டம் ஏறி அப்படியே தொட்டிக்குள் இறங்குகிறது. வெளியே அடைமழை கொட்டினாலும் உள்ளே ஒன்றும் மாறாது.

டீசல்தானே என்று அசட்டையாக இருப்பதுதான் எனக்குப் பயம். முந்தைய நடையில் டேங்கர் தொட்டியின் அதே அறையில் பெட்ரோல் போயிருந்தால்? மூடிய தொட்டியில் பெட்ரோல் ஆவி பெரும்பாலும் தீப்பற்ற முடியாத அளவுக்கு அடர்த்தியாக இருக்கும். டீசல் உள்ளே வந்ததும் அந்த ஆவியை உறிஞ்சுகிறது, அடர்த்தி குறைகிறது. காற்றில் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதத்துக்குள் வந்துவிட்டால் பொறி ஒன்று போதும். அதே நேரம், கந்தகம் குறைந்த இன்றைய டீசல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது; ஏறிய மின்னூட்டம் சட்டென்று இறங்காது. கால் மில்லிஜூல் பொறிக்கே பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். கதவுப் பிடியைத் தொடும்போது விரலில் சுருக்கென்று உணர்கிறோமே, அது இதைவிடப் பல மடங்கு.

சரி, கிளிப் மாட்டினால் எல்லாம் தீர்ந்ததா? இல்லை. கிளிப் லோரியின் உடம்பில் சேரும் மின்னூட்டத்தைத்தான் இறக்கும். எண்ணெய்க்குள் இருப்பது வடிய நேரம் வேண்டும். அதனால்தான் எண்ணெய் ஓடும் வேகத்துக்குக் கட்டுப்பாடு. ஏற்று குழாயின் நுனி மூழ்கும் வரை வினாடிக்கு 1 மீட்டருக்கு மேல் ஓட விடாதீர்கள். 4 அங்குலக் குழாயில் இது நிமிடத்துக்கு ஏறக்குறைய 470 லிட்டர். மேலிருந்து ஏற்றுவதாக இருந்தால் குழாயைத் தொட்டியின் அடியைத் தொடும் வரை இறக்குங்கள். உயரத்திலிருந்து சளசளவென்று கொட்டுவதுதான் மோசம்.

ஏற்றி முடித்த கையோடு, எண்ணெய் மட்டம் பார்க்க அளவுகோலைத் தொட்டிக்குள் விடுவதும் வேண்டாம். லோரிக்குக் குறைந்தது ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும்; பெரிய சேமிப்புத் தொட்டியென்றால் அரை மணி நேரம். பலர் தவறு செய்வது இங்கேதான், ஏனென்றால் பம்ப் நின்றதும் வேலை முடிந்த மாதிரி தோன்றும்.

கிளிப்புக்கு வருவோம். மூடியைத் திறப்பதற்கு முன்னால் மாட்ட வேண்டும். குழாயை எடுத்து மூடியை அடைத்த பிறகுதான் கழற்ற வேண்டும். லோரியின் உடம்புக்கும் எர்த்துக்கும் இடையே மின்தடை 10 ஓமுக்குள் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். மீட்டர் கையில் இல்லையா, குனிந்து கிளிப்பின் பற்களைப் பாருங்கள். மட்கார்டு பெயின்ட் மேல், காய்ந்த சேற்றின் மேல் கடித்துக்கொண்டிருந்தால் அந்த லோரிக்கு எர்த்தே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரைக் கூப்பிட்டு, சுரண்டிய வெறும் உலோகத்தில் மாட்டச் சொல்லுங்கள், அப்புறம் வால்வைத் திறக்கலாம்.