சோஃபிக்கு எழுதிய அட்மிரல்: கேள்வி பதில்

அடிமைமுறையை வைத்திருந்த தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோனதால் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65), போர்ட் ராயலில் வடக்குத் தரப்புக் கடற்படையின் முதல் பெரிய வெற்றியைத் தேடித் தந்தவர் சாமுவேல் பிரான்சிஸ் டூபாண்ட். ஒன்றரை ஆண்டுக்குள் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் அதே கடற்படைக்கு நேர்ந்த மிகப் பெரிய தோல்விக்கும் அவர் தலையில்தான் பழி விழுந்தது. கடலில் இருந்த நாளெல்லாம் மனைவி சோஃபிக்கு நீள நீளமாகக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தவர். போர்க்காலக் கடிதங்களில் தேர்ந்தெடுத்தவை மட்டுமே 1969இல் மூன்று தடித்த தொகுதிகளாக அச்சில் வந்தன. அவற்றைப் பற்றி நான் சொன்னதும் வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

சார், 12 வயதில் கடற்படை அதிகாரி ஆனார் என்றீர்களே, எழுத்துப் பிழையா?

பிழை இல்லை. 1803 செப்டம்பரில் பிறந்தார். 1815இல் அதிபர் மேடிசன் கையால் மிட்ஷிப்மேன் (பயிற்சி அதிகாரி) நியமனம் கிடைத்தது. இந்த வயதில் எடுப்பது அன்று சாதாரணம். கடற்படைக்கென்று அப்போது கல்லூரி கிடையாது, கப்பல்தான் பள்ளிக்கூடம். 1817இல் 'பிராங்க்ளின்' கப்பலில் மத்தியதரைக் கடலுக்குப் போனார். கணக்கும் வழிகாணலும் கப்பலில் படித்ததுதான். பின்னாளில் 1845இல் அன்னபொலிஸ் கடற்படைக் கல்லூரி தொடங்கியபோது அதற்குத் திட்டம் போட்ட குழுவில் இவரும் இருந்தார். தான் படாதபாடு பட்டுக் கற்றதை அடுத்தவன் ஒழுங்காகக் கற்கட்டும் என்ற எண்ணமாக இருக்கலாம்.

பதவி உயர்வு மட்டும் ஆமை வேகம். 1826இல் லெப்டினன்ட், கமாண்டர் ஆனது 1842இல். திறமையைப் பார்த்து உயர்வு இல்லை, மேலே இருப்பவர் செத்தால்தான் கீழே இருப்பவருக்கு இடம். ஓய்வு வயது என்ற பேச்சே அன்று இல்லை.

அதற்காகத்தான் 1855இல் பெரிய களையெடுப்பு நடத்தினாரா?

அவர் தனியாக நடத்தவில்லை. 15 அதிகாரிகள் கொண்ட ஒரு குழு ரகசியமாகக் கூடி 201 பேரைப் பணிப் பட்டியலிலிருந்து ஏதோ ஒரு வகையில் ஒதுக்கியது. அந்தக் குழுவின் உந்துசக்தி டூபாண்ட்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். கடலோட்ட வரைபடங்களால் உலகப் புகழ்பெற்ற மேத்யூ மோரிகூட ஒதுக்கப்பட்டார்! ஒதுக்கப்பட்டவர்கள் நாடாளுமன்றம் வரை போய்ச் சத்தம் போட்டார்கள். பலருக்கு இடம் திரும்பக் கிடைத்தது. காலியான இடங்களில் ஒன்றில் டூபாண்டே கேப்டன் ஆகிவிட்டார் என்பதுதான் எதிரிகள் வாயில் விழுந்த அவல். சீர்திருத்தம் தேவைதான், ஆனால் விசாரணையே இல்லாமல் செய்த விதம் மோசம் என்பது என் கருத்து.

அண்ணா, சோஃபி அவருக்குச் சொந்தமா? இருவருக்கும் ஒரே குடும்பப் பெயராக இருக்கிறதே.

சொந்தம்தான். கொஞ்சம் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்: சோஃபி அவருடைய சித்தப்பா மகள். நம் கணக்கில் தங்கை முறை! பிரான்சிலிருந்து குடியேறிய அந்தக் குடும்பத்தில் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. 1833 ஜூனில் கல்யாணம். அவருக்கு 29, அவளுக்கு 22. சோஃபி சின்ன வயதில் வீட்டில் நடப்பதையெல்லாம் கேலிச் சித்திரமாக வரைந்து தள்ளியவள். நல்ல கிண்டல்காரி. கல்யாணத்துக்குப் பின் உடல்நலம் கெட்டு, நெடுங்காலம் வீட்டோடு முடங்கினாள். குழந்தைகள் இல்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கடிதங்களைப் படிக்க வேண்டும். வெளியே போக முடியாத, ஆனால் கூர்மையான ஒரு மனுஷிக்கு ஒருவர் உலகத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். யார் கப்பலுக்கு வந்தார், என்ன சாப்பிட்டார், எந்த கேப்டன் புலம்பினார் என்பதெல்லாம் வரும். ஒரே நாளில் எழுதி முடிப்பதும் இல்லை. நாட்குறிப்பு மாதிரி நாள்தோறும் சேர்த்துக்கொண்டே போய், தபால் கப்பல் கிளம்பும்போது ஒட்டி அனுப்புவார்.

கடிதம் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்?

இடத்தைப் பொறுத்தது. மெக்சிகோ போரின்போது (1846–48) 'சயேன்' கப்பலின் தலைவராகக் கலிபோர்னியாக் கரையோரம் இருந்தார். சான் டியேகோவில் அமெரிக்கக் கொடி ஏற்றியது அந்தக் கப்பலின் ஆட்கள்தான். அங்கிருந்து கிழக்குக் கரைக்குக் கடிதம் போக மாதக் கணக்கு. வீட்டில் ஒருவர் இறந்த செய்தி வருவதற்குள் இங்கே வேறொரு கடிதத்தில் அவரை நலம் விசாரித்திருப்பார்கள். உள்நாட்டுப் போரில் நிலைமை எவ்வளவோ மேல். தென் கரோலினாவின் போர்ட் ராயலிலிருந்து நியூயார்க்குக்கு நீராவிக் கப்பல்கள் அடிக்கடி ஓடின. சில நாளில் கடிதம் கையில் இருக்கும்.

டூபாண்ட் என்றால் அந்த ரசாயன கம்பெனியா?

அதே குடும்பம். அன்று ரசாயனம் இல்லை, வெடிமருந்து. சோஃபியின் அப்பா 1802இல் டெலவேர் மாநிலத்தில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் தொடங்கிய ஆலை. மருமகன் பீரங்கி சுடுகிறார், மாமனார் வீட்டில் மருந்து அரைக்கிறார்கள் என்று கிண்டலாகச் சொல்லலாம்.

இதில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. வெடிமருந்துக்கு முக்கியச் சரக்கு வெடியுப்பு. அன்று அது பெரும்பாலும் பீகார் பக்கத்திலிருந்து கல்கத்தா வழியாக லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1861 கடைசியில் சோஃபியின் அண்ணன் மகன் லாமட் டூபாண்ட், வடக்கு அரசுக்காக ரகசியமாக இங்கிலாந்து போய்க் கையில் கிடைத்த வெடியுப்பையெல்லாம் வாங்கினார். அந்த நேரம் பார்த்து அமெரிக்கக் கடற்படைக் கேப்டன் வில்க்ஸ் 'டிரென்ட்' என்ற பிரிட்டிஷ் கப்பலை மறித்துத் தெற்குத் தூதர்கள் இருவரைப் பிடித்துவிட்டார். பிரிட்டன் கொதித்துப்போய் ஏற்றுமதியையே நிறுத்தியது. தூதர்களை விடுவித்த பிறகுதான் சரக்கு நகர்ந்தது. பீரங்கி கோட்டையை உடைக்கும் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்குள் போடும் மருந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கதை பாட்னா வரை வந்துவிடுகிறது.

போர்ட் ராயல் வெற்றி அவ்வளவு பெரியதா?

பெரியதுதான். தெற்கின் கரையை அடைத்து முற்றுகை போட வேண்டும். முற்றுகைக் கப்பல்களுக்கு நிலக்கரி வேண்டும், பழுதுபார்க்க இடம் வேண்டும். அதற்கு நடுவில் ஒரு நல்ல துறைமுகம் கையில் இருக்க வேண்டும். எங்கே பிடிப்பது என்று திட்டமிட்ட குழுவுக்கும் தலைவர் டூபாண்ட்தான். 1861 அக்டோபர் 29 அன்று சுமார் 75 கப்பல்கள் கிளம்பின. வழியில் புயல் அடித்துச் சிதறடித்தது. நவம்பர் 7 அன்று 'வாபாஷ்' கப்பலை முன்னே விட்டு, நுழைவாயிலின் இரு பக்கக் கோட்டைகளுக்கும் நடுவே சுற்றிச் சுற்றி வந்து சுட்டார். ஓடும் கப்பலைக் குறிபார்ப்பது கடினம் அல்லவா? சில மணி நேரத்தில் கோட்டைகள் காலி.

அந்தச் சண்டையில் ஒரு விஷயம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. கோட்டைப் பக்கம் தெற்குத் தளபதி தாமஸ் டிரேட்டன். கடல் பக்கம் 'போகஹான்டஸ்' கப்பலின் தலைவர் பெர்சிவல் டிரேட்டன். இருவரும் கூடப் பிறந்த அண்ணன் தம்பி.

அடிமைமுறை பற்றி அவர் கடிதங்களில் என்ன நினைத்தார்? வடக்கு அதிகாரி என்பதால் எதிர்ப்பாளராகத்தான் இருந்திருப்பார்.

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். போருக்கு முன் அவர் அடிமைமுறை ஒழிப்பாளர் இல்லை. அரசியல் சட்டம் அனுமதிக்கிறது என்று வெளிநாட்டாரிடம் வாதாடியவர் வகை. கரோலினாத் தீவுகளில் தோட்டக்காரர்கள் ஓடிப்போன பின் அங்கே விட்டுச்சென்ற மனிதர்களின் குடிசையையும் உடையையும் நேரில் பார்க்கிறார். அதற்குப் பின் சோஃபிக்கு எழுதும்போது, முன்பு தான் இதற்காகப் பேசிய பேச்சுக்குக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கும் அளவுக்குப் போய்விட்டார்.

1862 மே 13 அன்று சார்ல்ஸ்டனில் அடிமையாக இருந்த ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற மாலுமி, 'பிளான்டர்' என்ற தெற்கு நீராவிக் கப்பலைக் குடும்பத்தோடு கடத்திக்கொண்டு முற்றுகைக் கப்பல்களிடம் வந்து சேர்ந்தார். டூபாண்ட் அவரைப் புகழ்ந்து மேலிடத்துக்கு எழுதினார். அதற்காக அவரை முற்போக்காளர் என்று மாலை போடவும் வேண்டாம். அவர் காலத்து மேட்டிமை அவரிடம் நிறையவே இருந்தது.

சார்ல்ஸ்டனில் தோற்றது அவர் தவறா? ஒற்றை வரியில் சொல்லுங்கள்.

ஒற்றை வரியில் முடியாது, மன்னியுங்கள்.

வாஷிங்டனில் கடற்படைத் துறையின் உதவிச் செயலர் கஸ்டவஸ் ஃபாக்ஸுக்கு 'மானிட்டர்' வகை இரும்புக்கவசக் கப்பல்கள் மேல் அபார நம்பிக்கை. தரைப்படையே இல்லாமல் கடற்படை மட்டும் போய் சார்ல்ஸ்டனைப் பிடிக்கட்டும் என்று ஆசை. டூபாண்டுக்கு நம்பிக்கை இல்லை. 1863 மார்ச் 3 அன்று ஜார்ஜியாவில் தெற்கின் கையில் இருந்த மெக்கலிஸ்டர் கோட்டை மேல் மூன்று மானிட்டர்களை ஏவிப் பார்த்தார். பல மணி நேரம் சுட்டும் மண்கோட்டைக்குப் பெரிய சேதம் இல்லை. மானிட்டர் அடி தாங்கும், அடிக்கத்தான் தெரியாது. ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவே ஐந்து, ஏழு நிமிடம்.

ஏப்ரல் 7 அன்று ஒன்பது கவசக் கப்பல்கள் உள்ளே போயின. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அவை சுட்டது 139 குண்டு. எதிரில் கோட்டைகள் சுட்டது 2,200க்கு மேல். 'கியோகக்' மட்டும் 90 அடி வாங்கி மறுநாள் காலை மூழ்கியது. அவருடைய 'நியூ அயன்சைட்ஸ்' ஒரு மின்கண்ணிவெடிக்கு நேர் மேலே நின்றிருந்தது, அது வெடிக்கவில்லை! மறுநாள் மீண்டும் தாக்கத்தான் நினைத்தார். இரவில் கேப்டன்கள் ஒவ்வொருவராக வந்து சேதம் சொல்லச் சொல்ல, வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். தோல்வியைப் பேரழிவாக்க மாட்டேன் என்பது அவர் வாதம்.

நிறுத்தியது சரி என்றுதான் நான் சொல்வேன். அவருக்குப் பின் வந்த டால்கிரனும் அந்தத் துறைமுகத்துக்குள் போக முடியவில்லை. 1865 பிப்ரவரியில் வடக்குத் தளபதி ஷெர்மனின் படை உள்நாட்டு வழியாக நெருங்கியதால் தெற்குப் படையே நகரை விட்டுப் போனது.

அவர் தவறு அதற்கு முன்னால் நடந்தது. சோஃபிக்கும் நண்பர்களுக்கும் எழுதிய கடிதங்களில் சந்தேகத்தைக் கொட்டித் தீர்க்கிறார். ஆனால் கடற்படை அமைச்சர் வெல்ஸிடம் 'இது நடக்காது' என்று முகத்துக்கு நேராக, தெளிவாகச் சொல்லவில்லை. கூச்சமா, பெருமையா, மேலிடமே புரிந்துகொள்ளட்டும் என்ற எண்ணமா? மூன்றும் கலந்தது என்பது என் ஊகம். வீட்டில் பேச வேண்டியதை அலுவலகத்திலும் பேசியிருந்தால் கதை வேறு. தோற்ற பிறகு பேசியபோது அது சாக்கு மாதிரி கேட்டது. வெல்ஸும் அவருடைய அறிக்கையை வெளியிட மறுத்தார். இருவருக்கும் பகை முற்றி, 1863 ஜூலையில் டூபாண்ட் பொறுப்பிலிருந்து விலகினார்.

அந்த முற்றுகையால்தான் நம்மூர்ப் பருத்தி விலை ஏறியதா?

ஆமாம். அமெரிக்கப் பஞ்சு வராமல் லங்காஷயர் ஆலைகள் தவித்தபோது பம்பாய்ப் பருத்தியும் திருநெல்வேலிப் பருத்தியும் நல்ல விலை போனது. போர் முடிந்ததும் விலை விழுந்தது. இது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

மனைவிக்கு எழுதியதை எவ்வளவு நம்பலாம்?

நடந்த நாளே எழுதியது என்பதால் நாள், ஆள், வானிலை விஷயத்தில் தாராளமாக நம்பலாம். தன்னைப் பற்றி எழுதும் இடங்களில் உஷார். 1863 கோடைக்குப் பின் வரும் கடிதங்களில் மனிதர் வழக்கறிஞராகிவிடுகிறார். சோஃபிதான் நீதிபதி, தீர்ப்பு முன்பே தெரிந்த வழக்கு. அதனால் வெல்ஸ் எழுதிய நாட்குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அவரும் ஒன்றும் பாரபட்சம் இல்லாதவர் அல்லர்.

கடைசியில் அவர் என்ன ஆனார்? கடிதங்கள் எப்படிப் பிழைத்தன?

1865 ஜூன் 23 அன்று பிலடெல்பியாவில் இறந்தார். போர் அப்போதுதான் முடிந்திருந்தது. சோஃபி இன்னும் 23 ஆண்டுகள் இருந்தாள். காகிதம் எதையும் தூக்கிப் போடவில்லை. 1884இல் வாஷிங்டனில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அந்த இடம்தான் டூபாண்ட் சர்க்கிள். சிலை சின்னதாக இருக்கிறது என்ற குறை குடும்பத்துக்கு. 1920இல் அதை டெலவேரின் வில்மிங்டனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வாஷிங்டனில் இப்போது நிற்பது நீரூற்று. கடிதங்கள் பிராண்டிவைன் கரையில், பழைய வெடிமருந்து ஆலை இருந்த இடத்தில் உள்ள ஹேக்லி நூலகத்தில் இருக்கின்றன. கடலிலிருந்து அவர் எழுதி அனுப்பியதும் அந்த ஆற்றங்கரைக்குத்தான்.