பூனை ஏன் விசைப்பலகையில் படுக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து என் பக்கமே வராத பூனை, மடிக்கணினியைத் திறந்ததும் விசைப்பலகை மேல் வந்து படுத்துக்கொள்கிறது. எத்தனை முறை தூக்கி இறக்கிவிட்டாலும் திரும்பவும் வருகிறது. என்ன செய்வது?

பதில்: நீங்கள் இறக்கிவிடுவதாக நினைக்கிறீர்கள். பூனைக்கோ அது தன்னை ஏந்தி எடுப்பதாகவே படுகிறது. அதுவரை கண்டுகொள்ளாமல் இருந்த இரண்டு கைகள் அதன் வயிற்றைத் தொடுகின்றன. பெயர் சொல்லிப் பேசுகிறீர்கள். கூடவே முதுகில் ஒரு தடவலும் கொடுத்திருப்பீர்கள். விசைப்பலகையில் ஏறினால் இத்தனையும் கிடைக்கும் என்று பூனை கற்றுக்கொண்டுவிட்டது.

சூடும் ஒரு காரணம்தான். நம் உடல் வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ். பூனைக்கு 38-இலிருந்து 39 வரை. சுற்றுப்புறம் 30 டிகிரியைத் தாண்டினால்தான், உடலைச் சூடாக வைத்துக்கொள்ளத் தனியாகப் பாடுபட வேண்டிய அவசியம் அதற்கு இல்லாமல் போகிறது. ஓடி ஓடிச் சூடேறிய மடிக்கணினியை அது விட்டுவைக்குமா?

என் பூனையின் பெயர் குண்டூசி. குட்டியாக இருந்தபோது நகத்தால் குத்திய குத்தில் வந்த பெயர். இப்போது வயது ஒன்பது. பிறர் எழுதியவற்றைத் திருத்திக்கொடுப்பது என் தொழில். ஒரு நாள் அவள் ஏறி மிதித்ததில் பாதி எழுதிய கடிதம் அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து என் பழக்கங்களை மாற்றிக்கொண்டேன்.

கணினியைத் திறப்பதற்கு முன் பத்து நிமிடம் விளையாட்டு. குச்சியில் ஒரு நாடாவைக் கட்டி, முகத்துக்கு நேரே ஆட்டாமல், தரையோடு தரையாக மேசைக்காலுக்குப் பின்னால் மெல்ல இழுப்பேன். தாவுவதற்கு முன் குண்டூசி தரையோடு பதுங்கி, பின்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றி, பிட்டத்தை இரண்டு மூன்று முறை அசைப்பாள். அந்த நொடியில் நாடாவை நிறுத்திவிட வேண்டும். கடைசியில் பிடிக்கவிட்டு, உடனே சாப்பாடு. வேட்டையாடி, தின்று, உடம்பை நக்கிச் சுத்தம் செய்துவிட்டுத் தூங்குவது பூனையின் இயல்பு. நாம் வேலைக்கு உட்காரும் நேரத்துக்கு அது தூங்கப் போய்விடும்.

கணினிக்குப் பக்கத்திலேயே, என் இடது முழங்கை தொடும் தூரத்தில் ஓர் அட்டைப்பெட்டியும் வைத்திருக்கிறேன். உள்ளே நான் உடுத்திக் கழற்றிய சட்டை, துவைக்காதது. விளிம்பில் மோவாயை வைத்து அவள் தூங்குவாள். பெட்டிக்குள் போனால் தடவிக்கொடுங்கள். விசைப்பலகையில் ஏறினால் பேசாமல், முகம் பார்க்காமல் இறக்கிவிடுங்கள். இடையில் எழுந்து போகும்போது திரையைப் பூட்டிவிட்டுப் போங்கள்.

உங்களிடம் நானும் ஒன்று கேட்க வேண்டும். வேலை முடிந்து கணினியை மூடியதும் கைபேசியை எடுத்துவிடுகிறீர்களா? நமக்கு ஒன்று வேலை, மற்றொன்று ஓய்வு. பூனைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் உங்கள் பார்வை அதன் மேல் இல்லை.

கேள்வி: கல்லூரி மாணவன் நான். என் பூனை சார்ஜர் ஒயரைக் கடிக்கிறது. விளையாட்டுதானே என்று விட்டுவிடலாமா?

பதில்: விடவே கூடாது, தம்பி. ஒயரை விரலிடுக்கில் வைத்து உருவிப் பாருங்கள். ஊசிமுனை அளவு பள்ளங்கள் தட்டுப்பட்டால் அதை இன்றே தூக்கிப் போடுங்கள். சார்ஜ் ஏறியதும் பிளக்கைக் கழற்றி இழுப்பறைக்குள் வையுங்கள். கழற்ற முடியாத ஒயர்களுக்குக் கெட்டியான பிளாஸ்டிக் குழாய் மாட்டுங்கள். மின்சாரம் தாக்கிவிட்டால் முதலில் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பூனையைத் தொட வேண்டும். அதன்பின் எழுந்து நடந்தாலும் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வாயில் தீக்காயம் இருக்கலாம். சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலாம்.

கேள்வி: என் பூனையின் படங்களை எல்லோரும் பார்க்கும்படி தினமும் பகிர்கிறேன். அது ஆபத்து என்கிறாள் தோழி. பூனைப் படத்தில் என்ன ஆபத்து?

பதில்: தோழி சொல்வதைக் கேளுங்கள். கைபேசிக் கேமராவில் இருப்பிட வசதி திறந்திருந்தால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படக்கோப்புக்குள் பதிவாகிவிடும். 2014-இல் அமெரிக்கக் கலைஞர் ஓவன் மண்டி, பொதுவெளியில் கிடைத்த 10 லட்சம் பூனைப் படங்களை இப்படி உலக வரைபடத்தில் பொருத்திக் காட்டினார். பூனை தூங்குவது உங்கள் கட்டிலில். ஆகவே அந்தப் புள்ளி உங்கள் வீடு. கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவிடுங்கள். ஃபிளாஷையும் அணையுங்கள். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால், படத்தில் கண்கள் வெறும் ஒளிவட்டங்களாகத்தான் விழும். ஜன்னலோர வெளிச்சம் போதும்.

கேள்வி: இந்தப் பூனையை வளர்த்தவன் என் மகன். வேலைக்காக வெகுதூரம் போய் ஒன்பது மாதம் ஆகிறது. வீடியோ அழைப்பில் அவன் கூப்பிட்டால் பூனை திரையைப் பார்ப்பதே இல்லை. காதை மட்டும் திருப்புகிறது. பிறகு கைபேசிக்குப் பின்னால் போய் முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. மகனுக்கு வருத்தம். மறந்துவிட்டதா?

பதில்: ஐயா, அந்தக் காது திரும்பியதே, அதுதான் பதில். ஜப்பானில் சைட்டோ அட்சுகோ குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பூனைகளுக்கு முன்பின் தெரியாதவர்களின் குரலையும் வளர்ப்பவரின் குரலையும் ஒலிப்பதிவாகப் போட்டுக் காட்டினார்கள். வளர்ப்பவர் குரலைப் பூனைகள் பிரித்தறிந்தன. ஆனால் ஓடி வரவில்லை, பெரும்பாலும் கத்தவுமில்லை. தலையையும் காதையும்தான் திருப்பின. தன் பெயரைப் பிற சொற்களிலிருந்து பூனை பிரித்தறியும் என்று 2019-இல் அவரே காட்டினார்.

திரையில் தெரியும் முகத்துக்கு வாசனை கிடையாது. ஒரு சாணுக்கும் கிட்டே இருப்பது பூனைக்குத் தெளிவாகத் தெரியவும் தெரியாது. குரல் வருகிறது, ஆளைக் காணவில்லை. அதனால்தான் பின்னால் போய்ப் பார்க்கிறது என்று நினைக்கிறேன்.

கைபேசியை அதன் மூக்கருகே நீட்டாமல், மகன் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் சாய்த்து வையுங்கள். ஒலியைக் குறையுங்கள். பழைய செல்லப்பெயரை, பழைய இழுப்போடு அவர் கூப்பிடட்டும். அங்கிருந்து யாராவது வந்தால், மகன் உடுத்திய சட்டை ஒன்றைத் துவைக்காமல் உறையில் மூடிக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். அடுத்த அழைப்பின்போது அதை நாற்காலியில் விரித்து, மேலே கைபேசியை வையுங்கள். பூனை என்ன செய்தது என்று எனக்கு எழுதுங்கள், ஐயா. காத்திருக்கிறேன்.